கீழாநெல்லியும் கொழுப்பேறிய ஈரலும்

தமிழகத்தின் வடவெல்லையை அடுத்து நிற்பது திருத்தணிகை. ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்த ஊர் அது. ஆதலின் அவ்வூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கக் கேட்கலாம். மழை பெய்து ஓய்ந்தபின் அப்பக்கத்து வயல்வரப்புகளிலும் வேலியோரங்களிலும் தானே முளைக்கும் சிறு பூண்டு ஒன்று உண்டு. தமிழர் அதனைக் கீழாநெல்லி என்பர். தெலுங்கர் நேல உசிரி என்பர். உசிரி என்பது நெல்லி; நேல என்பது நிலம். வடநூலார் வழங்கும் பூம்யாமலகி என்னும் பெயரும் நிலத்து நெல்லி என்றே பொருள்படும். தமிழ்ப் பெயர் ஒன்றே வேறு வழியிற் சென்றது. இலைவரிசையின் கீழ்ப்புறத்தே சிறு காய்கள் நிரைநிரையாகத் தொங்குதலின் அது கீழ்க்காய்நெல்லி எனப்பட்டு, கீழாநெல்லி என வழங்குவதாயிற்று. இப்பெயரை இட்டவர் பூண்டை நின்றவாறே நோக்கி அமையாமல், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவராதல் வேண்டும். யாமும் இக்கட்டுரையில் அப்பூண்டைப் பற்றி உலகில் வழங்கும் ஒரு கூற்றைச் சிறிது திருப்பிப் பார்க்க எண்ணினோம்.

கீழாநெல்லி காமாலைக்கு மருந்து என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் நம்பிக்கை. இக்காலத்தே அதனோடு புதியதொரு கூற்றும் சேர்ந்துள்ளது. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நெல்லி, மஞ்சள் முதலியவற்றில் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்திருத்தலின், அவற்றின் பொடியோ மாத்திரையோ உண்பார்க்கு ஈரலில் ஏறிய கொழுப்புக் கரையும் என்பதே அக்கூற்று. இதனை நம்பிப் பொருள் செலவிடுவார் பலர். நம்பிக் காலத்தைச் செலவிடுவார் அவரினும் பலர். பொருள் மீண்டும் வரும். நோய் முற்றுதற்கு முன்னிருந்த காலம் மீண்டும் வாராது. ஆதலின் இதனை ஆராய்தல் வீண் தொழில் அன்று. முதற்கண் நோய் இன்னதென்றும், அடுத்து அத்தடைப்பொருள் இன்னதென்றும், பின்னர் மனிதரிடத்துச் செய்த சோதனைகள் கூறுவது இன்னதென்றும் முறையே காண்போம்.

ஈரல் நம் உடலின் உள்ளுறுப்புக்களில் மிகப் பெரியது. வளர்ந்தவரிடத்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உண்ட உணவின் சாரத்தை ஏற்று, வேண்டுவதைப் பகிர்ந்தளித்து, மிகுந்ததைச் சேமித்து, நஞ்சினை மாற்றி வெளியேற்றுவது அதன் தொழில். ஒரு நல்ல பண்டகசாலைக்கு அதனை ஒப்பிடலாம். வரவு செலவுக்கு ஒத்திருக்குமளவும் பண்டகசாலை ஒழுங்காக நடைபெறும். நாள்தோறும் வரவு மிகுந்து செலவு குறையின், மூட்டைகள் வழியை அடைத்துக்கொள்ளும். அவ்வாறே, உடல் செலவிடாத மாவும் சர்க்கரையும் கொழுப்பாக மாறி ஈரலின் உயிரணுக்களில் தங்குகின்றன. நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்பட்ட அணுக்களில் கொழுப்புத் தங்கின் அது கொழுப்பேறிய ஈரல் எனப்படும்.

இந்நிலையில் நோயாளிக்குப் பெரும்பாலும் வலி இராது. மஞ்சள் நிறமும் தோன்றாது. ஆயின் சிலரிடத்து அக்கொழுப்பு அழற்சியை விளைவிக்கும். அழற்சி நீடிப்பின் ஈரலில் வடுக்கள் படியும். வடுக்கள் பெருகின் ஈரல் இறுகிச் சுருங்கும். அவ்வாறு இறுகிய ஈரலிற் புற்றுத் தோன்றுதலும் உண்டு. கொழுப்பேறிய நிலையிலிருந்து மீளுதல் எளிது. இறுகிய நிலையிலிருந்து மீளுதல் மிக அரிது. இந்நோயைப் பற்றிய செய்திகளுள் நாம் மறவாது கொள்ளத்தக்கது இது.

ஈரல் நோய் குடிப்பவர்க்கே வரும் என்பது நம் நாட்டிற் பரவிய எண்ணம். மதுவினால் ஈரல் கெடுவது உண்மையே. ஆனால் மதுவை அறியாதவர்க்கும் அதே வகைக் கேடு வருவதை அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவசாலையைச் சேர்ந்த லூட்விக் என்பார் 1980-இல் 20 நோயாளரைக் கொண்டு விளக்கி, அதற்குத் தனிப் பெயரும் இட்டார். நீரிழிவு, உடற்பருமன் முதலியவற்றோடு அது கொண்டுள்ள உறவைக் கருதி, 2023-இல் உலக அறிஞர்கள் அப்பெயரையும் மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் குறையோடு கூடிய கொழுப்பீரல் நோய் என்று வழங்கலாயினர். பெயர் மாற்றத்தினால் விளையும் நன்மை யாதெனின், ‘குடிகாரன் நோய்’ என்னும் பழிக்கு அஞ்சி நோயை மறைப்பார்க்கு அவ்வச்சம் நீங்குதலாம். நம் சென்னை நகரில் 541 பேரைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நூற்றுக்கு 32 பேரிடம் கொழுப்பேறிய ஈரல் காணப்பட்டது. நீரிழிவுடையாருள் அத்தொகை நூற்றுக்கு 54-ஐக் கடந்தது. இந்திய அரசாங்கமும் 2021-இல் இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

இனி, தடைப்பொருள் யாதென ஆராய்வோம். இரும்பு காற்றுப்படின் துருப்பிடிக்கும். எண்ணெய் நாட்படின் சிக்கடிக்கும். இரண்டும் ஆக்ஸிஜனின் வேலை. நம் உடலினுள்ளும், உணவு எரிந்து ஆற்றலாகும்போது, ஆக்ஸிஜனிலிருந்து சில துடுக்கான துகள்கள் தோன்றுகின்றன. அவை தமக்கில்லாத எலக்ட்ரானை அருகிலுள்ள பொருளினின்று பறித்து அதனைக் கெடுக்கும். கொழுப்பு மிக்க ஈரலில் இவ்வேலை மிகுதி. எரிக்க வேண்டிய சரக்கு மிகுதியாதலின் என்க. இத்துகள்கட்குத் தாமே எலக்ட்ரானைக் கொடுத்து அடக்குவனவே ஆக்ஸிஜனேற்றத் தடைப்பொருள்கள். மரஞ்செடிகள் நாள் முழுதும் வெயிலில் நின்று ஆக்ஸிஜனை உண்டாக்குவன. ஆகவே தம்மைக் காத்துக்கொள்ள இத்தகைய பொருள்களை மிகுதியாக ஆக்கி வைத்துள்ளன. நெல்லிக்கனியில் வைட்டமின் சியும் துவர்ப்புச் சத்தும், மஞ்சளில் குர்குமினும், கரிசலாங்கண்ணியில் வெடெலோலாக்டோனும், கீழாநெல்லியில் பில்லாந்தினும் உள்ளன. இம்மட்டும் ஐயமில்லை.

ஐயம் தோன்றுவது அடுத்த படியில். எலியினிடத்துச் செய்யும் சோதனைகளில் இச்செடிகள் பெரும்பாலும் வெற்றி பெறுகின்றன. அச்சோதனையின் வகையை நோக்குக. எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சை ஊட்டுவர். அந்நஞ்சு ஈரலினுள் மேற்கூறிய துடுக்குத் துகளாக மாறியே ஈரலைக் கெடுக்கும். நஞ்சோடு செடியின் சாரத்தையும் ஊட்டினால் கேடு குறைகின்றது. இது வியப்பன்று. துகளினாலேயே விளைந்த கேட்டைத் துகளை அடக்கும் பொருள் தடுத்தது; அவ்வளவே. மனிதனுடைய கொழுப்பேறிய ஈரலோ ஒரு நாள் நஞ்சினால் விளைந்ததன்று. பல்லாண்டு மிகுதியாக உண்டதனாலும் குறைவாக உழைத்ததனாலும் விளைந்தது. துகள் அங்கு இடையில் வரும் ஒரு விளைவேயன்றி முதற்காரணம் அன்று. கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்தல் நன்றே. ஆயினும் ஒழுக்கு நில்லாதன்றோ?

மேலும், வாயிலிட்டது எல்லாம் ஈரலைச் சென்று சேர்வதில்லை. குர்குமின் குடலிலிருந்து குருதியில் ஏறுவது மிகக் குறைவு. அதனை 20 மில்லிகிராம் மிளகுச் சாரத்தோடு கொடுத்தால் பன்மடங்கு மிகுதியாக ஏறுகின்றது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-இல் காட்டினர். இதனால் விளைந்த நன்மையோடு தீமையும் உண்டென்பது பின்னர் விளங்கும்.

ஆகலின், மனிதரிடத்துச் செய்த சோதனையே நமக்குச் சான்று. கீழாநெல்லியின் வரலாறு இங்குப் பெரிதும் கற்பிக்கத்தக்கது. பி வகை ஈரலழற்சியின் அடையாளத்தைக் கண்டறிந்து 1976-இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்பாரும், சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளராகிய தியாகராஜன் என்பாரும், அவர் துணைவரும் சேர்ந்து, அந்நோயின் கிருமியைத் தாங்கியிருந்தோர்க்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தனர். 1988-இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது. பொடி உண்ட 37 பேருள் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லா வெறுமாத்திரை உண்ட 23 பேருள் ஒருவரிடமே மறைந்தது. நம் வேலியோரத்துப் பூண்டு இங்ஙனம் இலண்டன் மருத்துவ இதழில் இடம்பெற்றது கண்டு மகிழாத தமிழர் யார்?

எனினும், விஞ்ஞானத்தில் ஒரு முறை கண்டது போதாது. பிறர் காணினும் அவ்வாறே இருத்தல் வேண்டும். 1990-இல் தாய்லாந்து நாட்டார் அதே பூண்டைக் கொண்டு செய்த சோதனையில் அப்பயன் கிட்டவில்லை. பின்னர்ப் பல நாடுகளில் நடந்த சோதனைகளை ஒருங்கு தொகுத்து நோக்கிய 2011-ஆம் ஆண்டு ஆய்வுரை, உறுதியான பயன் நிறுவப்படவில்லை என்றே முடித்தது. இனி நம் பொருளாகிய கொழுப்பேறிய ஈரலுக்கு வருவோம். கீழாநெல்லியின் இனமாகிய மற்றொரு பூண்டை ஹாங்காங் நகரில் 60 நோயாளர்க்கு 24 வாரம் கொடுத்துச் சோதித்தனர். 2013-இல் வெளியான முடிவின்படி, ஈரலிலிருந்து எடுத்த சதைத்துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, பூண்டு உண்டவர்க்கும் வெறுமாத்திரை உண்டவர்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

ஐரோப்பியர் போற்றும் முட்செடி ஒன்றன் வித்திலிருந்து எடுக்கும் சிலிமரின் என்னும் பொருளை மலேயா நாட்டுக் கோலாலம்பூரில் 99 நோயாளரிடம் 48 வாரம் சோதித்து 2017-இல் முடிவு வெளியிட்டனர். முதன்மையாகக் கருதிய குறிக்கோளில் வெற்றி இல்லை. ஆயினும் வடு குறைந்தோர் சிலிமரின் உண்டாருள் நூற்றுக்கு 22 பேரும், வெறுமாத்திரை உண்டாருள் நூற்றுக்கு 6 பேரும் ஆயினர். இது மேலும் ஆராயத்தக்க குறிப்பேயன்றி, முடிந்த முடிபு அன்று.

தாவரத் தடைப்பொருள்களுள் ஓரளவு வெற்றி பெற்றது வைட்டமின் ஈ. அதன் இயற்கை வடிவத்தை, நீரிழிவு இல்லாத நோயாளர்க்கு 96 வாரம் கொடுத்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தது. அதனை உண்டாருள் நூற்றுக்கு 43 பேரிடம் அழற்சிக் குறிகள் நன்மைப்பட்டன. வெறுமாத்திரை உண்டாருள் நூற்றுக்கு 19 பேரிடம் நன்மைப்பட்டன. ஆயினும் வடு குறைந்ததாகத் துணிய இயலவில்லை. மேலும், செயற்கை வைட்டமின் ஈயைப் பல்லாண்டு உண்ட நோயற்ற ஆடவரிடம் சுக்கிலச் சுரப்பிப் புற்று மிகுந்ததை 2011-இல் வேறொரு சோதனை காட்டிற்று. ஆதலின் மருத்துவர் இதனை ஆளறிந்து கொடுப்பரேயன்றி யாவர்க்கும் கொடார்.

இவ்விடத்து, “பயன் இல்லையேனும் கேடு இல்லையே, இயற்கைப் பொருள்தானே?” என வினவுவார் உளர். அவர்க்கு விடை: எட்டியும் இயற்கைப் பொருளே. 2022-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, மஞ்சட் சாரம் உண்டதனால் ஈரல் கெட்ட 10 பேரைக் குறித்தது. அவருள் ஒருவர் இறந்தார். மூவர் உண்ட சரக்கில், சாரத்தை மிகுதியாகக் குருதியில் ஏற்றும் மிளகுச் சத்து இருந்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் நோய் வாராமற் காக்கும் என்று சீந்திற்கொடியை உண்டு ஈரல் கெட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர் 2021-இல் எழுதினர்; அடுத்த ஆண்டில் நம் நாட்டின் 13 மருத்துவ நிலையங்களிலிருந்து 43 பேரின் செய்தி வெளிவந்தது. குழம்பில் இடும் மஞ்சளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சமையலறை அளவு வேறு. மாத்திரையாகச் செறித்த அளவு வேறு. எந்த உறுப்பைக் காக்க உண்கின்றோமோ அந்த உறுப்பே அம்மாத்திரையைச் செரிக்கும் சுமையையும் தாங்க வேண்டும் என்பதை மறத்தலாகாது.

“அங்ஙனமாயின் நம் முன்னோர் கண்டது பொய்யோ?” என்பது அடுத்த வினா. பொய் என்று யாம் கூறோம். அவர் கண்டதையும் நாம் அவர்மேல் ஏற்றிக் கூறுவதையும் பிரித்தறிய வேண்டும் என்கின்றோம். காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்கட்குப் பொதுவான அறிகுறி. கெட்ட நீரினால் வரும் ஏ வகை ஈரலழற்சியில் தோன்றும் காமாலை, பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் தானே நீங்கும். அப்போது உண்ட மருந்து எதுவாயினும் அதற்கே புகழ் சேரும். பித்தக்கல் வழியை அடைத்ததனால் வந்த காமாலையோ, முற்றிய ஈரல் நோயினால் வந்ததோ, பூண்டினால் நீங்காது. மஞ்சள் ஒன்றே, அடியிலுள்ள காரணம் வேறு. இதனை அறியாமல் வாரக்கணக்கிற் காத்திருப்பவரே இடர்ப்படுவர்.

மேலும், நம் மருத்துவத்தில் மருந்தோடு பத்தியமும் என்றும் இணைபிரியாதது. பத்தியத்தை விட்டு மருந்தை மட்டும் புட்டியில் அடைத்து விற்பது இக்காலத்து வாணிகமேயன்றி முன்னோர் முறையன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நோக்குக. பத்துக் குறள்களுள் எந்த ஒரு பச்சிலையின் பெயரும் இல்லை. முன் உண்டது அற்றதறிந்து பின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், நோயின் முதலை ஆராய்தல் என்பனவே அங்குப் பேசப்படுகின்றன. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருப்பான் என்னும் நான்கனுள் ஒன்றாகவே மருந்து வைக்கப்பட்டுள்ளது.

வள்ளுவர் கூறிய அளவையே இன்றைய ஆராய்ச்சியும் வற்புறுத்துகின்றது. கியூபா நாட்டில் அழற்சியோடு கூடிய கொழுப்பீரல் உடைய 293 பேர் 52 வாரம் உணவைக் குறைத்து உடலுழைப்பைக் கூட்டினர். 2015-இல் வெளியான அம்முடிவில், உடலெடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவருள் நூற்றுக்கு 90 பேரிடம் அழற்சி நீங்கிற்று. நூற்றுக்கு 45 பேரிடம் வடுவும் குறைந்தது. எந்தச் செடியின் சாரமும் இதுகாறும் இவ்வளவு பயன் காட்டவில்லை. ஆயின் அவ்வளவு எடை குறைத்தவர் பத்துப் பேருக்கு ஒருவரே என்பதையும் மறையாது கூறவேண்டும். வழி தெளிவானது, நடத்தல் அரியது. அதனாலன்றோ மக்கள் மாத்திரையை நாடுகின்றனர்? அமெரிக்க அரசாங்கம் இந்நோய்க்கென 2024-இல் ரெஸ்மெடிரோம் என்னும் மருந்தையும், 2025-இல் செமாகுளுடைடு என்னும் மருந்தையும் ஏற்றுக்கொண்டது. அவையும் உணவடக்கத்தோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே கொடுக்கத்தக்கன.

திருத்தணிகை மலைக்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் நாளுக்கொன்றாக அவற்றை எண்ணுவர். டிசம்பர் 31-ஆம் நாள் நடக்கும் படித் திருவிழாவில் படிதோறும் நின்று திருப்புகழ் பாடி ஏறுவோரும், ஆடிக் கிருத்திகையில் காவடி தாங்கி ஏறுவோரும் மிகப் பலர். யாம் வேற்றுச் சமயத்தினேம் எனினும், அப்படிகள் உடலுக்குச் செய்யும் நன்மையில் சமய வேறுபாடு இல்லை என்பதை அறிவோம். இக்காலத்தே வண்டிகள் மலையுச்சிவரை செல்லுகின்றன. முதியோர்க்கும் நோயாளர்க்கும் அது பேருதவி. இளையோர் நாமும் வண்டியில் ஏறிச் சென்று, இறங்கி வந்து, ஈரலுக்கு மருந்துப் பொடி வாங்குவோமாயின் அதனை என்னென்பது!

ஆகவே, யாம் கண்ட முடிபுகள் இவை. தாவரத் தடைப்பொருள்கள் உண்மையானவை. அவற்றைக் கீரையாகவும் கனியாகவும் பருப்பாகவும் உண்பது நன்று. அவற்றின் செறித்த சாரம் கொழுப்பேறிய ஈரலைத் தீர்க்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. சில வேளைகளில் கேடும் விளைக்கும். வெள்ளரிசிச் சோற்றையும் இனிப்பையும் குறைத்தல், மதுவை ஒழித்தல், நாள்தோறும் நடத்தல், நீரிழிவை அடக்குதல் என்பனவே இன்று உறுதியான வழி. கண் மஞ்சளாயினும், வயிறு நீர்கோத்துப் பெருப்பினும், கறுத்த மலம் போயினும், பச்சிலை அரைக்கக் காலந் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

“தமிழ் கற்பார்க்கு ஈரலைப் பற்றி எழுதுவதில் என்ன வேலை?” என நண்பர் சிலர் கேட்கலாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிரீன் என்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியில் செய்ய முன்வந்த தொண்டை நாம் கைவிடுதல் தகுமோ? மருந்து விற்பவர் நல்ல தமிழில் எழுதுகின்றனர். மருந்தைச் சோதிப்பவர் எழுதுவதோ ஆங்கிலத்தில். இடையில் நிற்கும் எளிய குடும்பத்தார்க்கு முன்னது மட்டுமே எட்டுகின்றது. சோதித்தவர் சொல்லையும் அவர் மொழியிலே கொண்டு சேர்ப்பது தமிழ் மாணவர் கடனாகும். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், தத்தம் வீட்டில் ஈரலுக்கென்று எவரேனும் பொடி உண்கின்றனரா என உசாவி, உண்பாராயின் அப்புட்டியையும் உடன்கொண்டு அவரை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்வார்களாக.